தேங்காய் பட்ட கண்ணாடி

1

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மலாயாவில் என்ன விசேஷம்? பெரிய விசேஷங்களை எழுதப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய லோரி. நீங்கள் லாரி என்பீர்கள், இங்கே லோரி. போன ஆயுத பூசையன்று அதன் முன்கண்ணாடி உடைந்தது. அதை ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா என்று நான் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். இதற்கா காகிதம் என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நாகப்பட்டினத்துக் கப்பல் இறக்கிப்போடும் வெங்காயம், மிளகாய், புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கிள்ளான் வழியாகக் கோலாலம்பூருக்கு வந்து, நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடைகளில் இறக்குவது என் தொழில். வாரத்தில் மூன்று நடை. லோரி மூன்றாம் கையாக என்னிடம் வந்தது. முன்கண்ணாடி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு துண்டு. மேல் துண்டைக் காற்றுக்காக வெளியே தள்ளித் திறந்துவைத்துக்கொள்ளலாம். மழை வந்தால் ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் துடைப்பானை ஆட்டவேண்டும். அதுவும் ஓட்டுகிறவன் பக்கம் மட்டும்தான் துடைக்கும்.

ஆயுத பூசைக்கு அதைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் ஒரு கருங்கல்லைப் போட்டுத் தேங்காய் உடைப்போம். உடைப்பது என் மகன் தியாகு. அவனுடைய ஏழு வயதில் அவன் அம்மா செல்லம்மா கையில் தேங்காயைக் கொடுத்துப் பழக்கினாள். அவள் போன பிறகும் வருஷம் தவறாமல் வந்து உடைத்துக் கொடுத்துவிட்டுப் போவான். இப்போது அவனுக்கு இருபது வயது. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரர் கம்பெனி கிடங்கில் கிராணி. கணக்குப்பிள்ளை என்று ஊரில் சொல்வோமே, அந்த வேலைதான், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிலீஷில்.

இந்த வருஷமும் வந்தான். வெள்ளைக் கால்சட்டை, பளபளவென்று சப்பாத்து. சப்பாத்தை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தேங்காயைக் கையில் வாங்கினான். தெருவே கூடி நிற்கிறது. கூட்டத்துக்கு இடம் விடுகிறேன் பேர்வழி என்று நான் கல்லை லோரிக்கு வெகு கிட்டே, பம்பருக்கு அடியிலேயே தள்ளிப் போட்டிருந்தேன். அவன் அதைப் பார்த்தான் என்றே நினைக்கிறேன். அதனால்தான் மெதுவாகப் போட்டான். தேங்காய் உடையாமல் உருண்டு, வேடிக்கை பார்க்க வந்த ஒரு மலாய்க்காரர் காலடியில் போய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தால் எனக்கு ஆகாது. "ஏன்டா, சோறு திங்கலியா? ஆம்பளைதானே நீ? ஓங்கி அடிடா!" என்று கத்தினேன்.

ஓங்கி அடித்தான். தேங்காய் சிதறுகாயாகச் சிதறியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சிரட்டைத் துண்டு எகிறிப்போய் மேல் கண்ணாடியில், நான் உட்காரும் வலது பக்கம், 'டக்'கென்று பட்டது. குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் அதிலிருந்து கீழே ஒரு கோடும் விழுந்தன. கூட்டத்தில் ஒரு கிழவி "அடியாத்தீ!" என்றாள். நல்ல நாளும் அதுவுமாகக் கண்ணாடி உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். "விளங்காத கை! உன் கை பட்டது எது உருப்பட்டிருக்கு? இந்தக் கையால தண்ணி குடிச்சுத்தானே உங்கம்மாவும் போய்ச் சேர்ந்தா!"

சொன்னது இதுதான். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும். செல்லம்மா மலேரியாவில் படுத்த ஆறாம் நாள் நான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் பதினாலு வயது தியாகு. கடைசி வாய்த் தண்ணீர் அவன் கையால்தான் இறங்கியது. அதைப் பற்றி ஆறு வருஷமாக நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசிய முதல் வார்த்தை இதுவாகப் போயிற்று.

தியாகு கால்சட்டையில் தெறித்த தேங்காய்த் தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தான். சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். சுண்டலும் பொங்கலும் அப்படியே கிடந்தன.

2

மறுநாள் வழக்கம்போல் நாலரைக்கு எழுந்தேன். எழுந்து என்ன செய்வது? அடுப்பு மூட்டி ஒரு டம்ளர் காப்பி. ஒரு ஆளுக்குக் காப்பி போடுவது இருக்கிறதே, அது ஒரு கொடுமை, எப்படிப் போட்டாலும் ஒரு வாய் மிஞ்சும். பிறகு லோரியின் மூக்கில் கம்பியைக் கொடுத்துச் சுற்றிக் கிளப்பி, கிள்ளான் ரோட்டில் இருபத்தைந்து மைல். இரண்டு பக்கமும் பால்மரம், அதாவது ரப்பர். போகும்போது பேச ஆளில்லை, வரும்போது வெங்காயம்.

கீறல் வளர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நூல். பத்து தீகா என்ற ஊர் வளைவில் வெயில் நேரே அடிக்கும்போது அந்த நட்சத்திரம் கண்ணைக் குத்தும். எதிரே வருவது பஸ்ஸா மாட்டு வண்டியா என்று தெரியாது. தலையைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டி ஒரு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? என் ஆத்திரத்துக்குள்ளேயே உட்கார்ந்து, அதன் வழியாகவே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கிள்ளானில் தியாகுவின் கிடங்கு வழியாகத்தான் என் பாதை. முன்பெல்லாம் ஹார்ன் அடிப்பேன், அவன் ஜன்னலுக்கு வந்து கையைத் தூக்குவான். இப்போது அந்த இடம் வந்ததும் கை ஹார்னுக்குப் போகிறது, அடிக்க மாட்டேன் என்கிறது. என்னவென்று அடிப்பது? ஜன்னலுக்கு வராவிட்டால்? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறவன் வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் வரவில்லை.

போய்ப் பேசிவிட்டு வரலாமே என்பீர்கள். அப்பன் மகனிடம் போய் "தப்பு என்மேல்" என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டா? கப்பல் ஏறியதால் அது வந்துவிடுமா? இன்னொன்றும் சொல்கிறேன். நான் இங்கே புறப்பட்டபோது என் அப்பா உப்பளத்தில் வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ளப் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போறவன் செத்தவன் கணக்கு. போய்த் தொலை" என்றார். அவர் இறந்த செய்தி ஒரு மாதம் கழித்து எனக்கு வந்தது. அவர் மனசார அதைச் சொன்னாரா, வாய்தவறிச் சொன்னாரா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல ஆளில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. எல்லாம் தெரியும், தெரிந்துதான் கொட்டினேன்.

அவனும் அப்படி என்னைச் சுமந்துகொண்டு திரியப்போகிறானே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3

இப்படி இருக்கையில் வருஷாந்திர சோதனைக்கு லோரியைக் கொண்டுவரச் சொல்லி லைசென்சு ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது.

சோதனை என்றால் லேசில்லை. ஒரு தாள் முழுக்கக் கேள்வி. ஹார்ன் அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, பலகை ஆடுகிறதா. இன்ஸ்பெக்டர் துரை வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடப்பார், பக்கத்தில் கிராணி குறித்துக்கொண்டே வருவார். கண்ணாடி வந்ததும் துரை நின்றார். குனிந்தார். என் இடத்தில் ஏறி உட்கார்ந்தே பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"என்ன சொல்றாருங்க?" என்றேன்.

கிராணி நம் ஊர்க்காரர்தான், ஆனால் ஆபீசுக்குள் இருக்கும்வரை ஊர்க்காரராக இருக்கமாட்டார். "ஓட்டறவர் கண்ணுக்கு மறைக்குதுன்னு எழுதிட்டார். மூணு வாரத்துல சரி பண்ணிக் கொண்டாங்க. இல்லேன்னா லைசென்சு கிடையாது."

"ஒட்டுப்போட்டா போதுமா, மாத்தணுமா?"

"அது இதுல போடலை. மறைக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். சர்க்கார் தாளில் எப்போதும் பாதி கேள்விக்குத்தான் பதில் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின் கோடியில் ஒரு சீனர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். படத்துக்குச் சட்டம் போடுவார், அலமாரிக்குக் கண்ணாடி அறுப்பார், மோட்டார் வண்டிக்கும் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் நடுவில் பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், இருக்கிறது. அவர் கீறலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார்.

ஒன்று, புதுக் கண்ணாடி. இப்போது வருவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஏதோ தாளை வைத்து ஒட்டியது, உடைந்தாலும் சிதறாது. சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அவர் சொன்ன விலையைக் கேட்டு, "லோரியோட சேர்த்தா?" என்று கேட்டேன். சிரித்தார்.

இரண்டாவது வழி ஒட்டுப்போடுவது. கீறலின் முனையில் ஊசி போன்ற ஒரு துளை போட்டுவிட்டால் அதற்குமேல் ஓடாது. நட்சத்திரத்தில் அரக்கு வைத்துவிடலாம். "ஆனா உன் கண்ணுக்கு நேரா இருக்கே" என்று தாடையைச் சொறிந்தார். கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பி, காலியாக இருந்த இடது பக்கத்து சீட்டைக் காட்டினார்.

"சியாப்பா டூடோக் சீனி?"

இங்கே யார் உட்காருவது என்று கேட்கிறார்.

"தாடா" என்றேன். யாரும் இல்லை.

பாருங்கள், மலாயில் அது ஒரே மூச்சில் வந்துவிட்டது. தமிழில் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. செல்லம்மா இருந்தவரை அது அவளுடைய இடம். கிள்ளான் கோயில் திருவிழாவுக்கு மடியில் தியாகுவை வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்து வருவாள். பிறகு அவன் உட்கார்ந்தான். பிறகு அவன் ரயிலில் போக ஆரம்பித்தான்.

சீனருக்கு ஒரே சந்தோஷம். "ஹா! பூசிங் லா!" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். கண்ணாடி நாலு பக்கமும் சதுரமாக அறுத்த பலகைதானே! தலைகீழாகத் திருப்பி மாட்டினால் வலது பக்கத்துக் கீறல் இடது பக்கம் போய்விடும். ஓட்டுகிறவன் பக்கம் பளிச்சென்று இருக்கும். ஆள் இல்லாத பக்கத்தில் கீறல் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

அந்த மூளைக்கு அவருக்கு ஒரு மாலை போடலாம். அரை நாளில் வேலை முடிந்தது. மறு சோதனையில் துரை என் இடத்தில் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்தார், தலையை ஆட்டினார், இறங்கினார். கிராணி முத்திரை குத்தினார். ஆக, சர்க்காருக்குச் சம்மதம், கண்ணாடிக்காரருக்குச் சம்மதம், என் மடிக்கும் சம்மதம். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

4

அந்த வாரத்திலேயே தியாகுவிடமிருந்து கடிதம் வந்தது. இங்கிலீஷில்தான் எழுதுவான். அவனைப் படிக்கவைத்த பெருமையில், தமிழ் எழுத்தை யார் சொல்லிக்கொடுப்பது என்று அந்த நாளில் நான் யோசிக்கவில்லை. தமிழ் பேசுவான், கோயில் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பான், அவ்வளவுதான். அவன் அப்பனுக்கு எழுதும் கடிதத்தை அடுத்த வீட்டுக்காரர் படித்துச் சொல்லவேண்டும்.

அடுத்த வீட்டுக்காரர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் உத்தியோகம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தனக்குள் ஒரு முறை படித்தார்.

"அண்ணை, உங்கட மகன் வடிவா எழுதியிருக்கிறார். பினாங்குக்கு மாற்றலாம். சம்பளமும் கூட்டியிருக்கினமாம். வாற மாசம் முதல் சனிக்கிழமை, கோலாலம்பூரில இருந்து காலமை ரயில்."

"அப்புறம்?"

"உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு எழுதியிருக்கிறார்."

"அவ்வளவுதானா? பூசையைப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இல்லை."

அப்போதே அவரை உட்காரவைத்துப் பதில் எழுதச் சொன்னேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு நானே லோரியில் கூட்டிவந்து ரயிலேற்றுகிறேன், பெட்டி படுக்கையோடு ரயில் மாறி அல்லாடவேண்டாம் என்று எழுதினோம். நாலு நாளில் 'சரி' என்று பதில் வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் அன்று முழுக்கப் பாட்டுப் பாடாத குறை.

இருபத்தைந்து மைல்! என் லோரி போகிற வேகத்துக்கு ஒன்றரை மணி நேரம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவோம். முகத்துக்கு முகம் சொல்ல முடியாததை ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடலாம். பத்து தீகா தாண்டியதும் சொல்லிவிடவேண்டும் என்று இடம்கூடக் குறித்துவைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் உட்காரப்போவது இடது பக்கம். நட்சத்திரமும் கோடும் அரக்குத் திட்டும் நேரே அவன் கண்ணுக்கு முன்னால்! ஒன்றரை மணி நேரம் அவன் அதன் வழியாகத்தான் ரோட்டைப் பார்த்தாகவேண்டும். 'விளங்காத கை' என்று நான் சொன்னதை எழுதி ஒட்டிவைத்தது போல. பார்த்துக்கொண்டே வருகிறவனிடம் நான் என்னத்தைச் சொல்வது?

சீனரிடம் ஓடினேன். சிங்கப்பூருக்கு எழுதச் சொன்னேன்.

"கெனாப்பா? ஏன், பாஸ் ஆயிருச்சே?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மலாய் இல்லை.

கந்தையாவும் விடவில்லை. "உங்களுக்கென்ன விசரே அண்ணை? லொறிக்கே வயசு போட்டுது. எஞ்சின் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு. துரையும் பாஸ் பண்ணிப்போட்டார். புதுக் கண்ணாடி ஆருக்கு?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. அந்தக் கண்ணாடி லோரியைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும். புது வேட்டி எடுக்க வைத்திருந்ததும் தீபாவளிச் செலவும் அதிலே போயின. இந்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அவ்வளவுதான் கொண்டாட்டம். வருத்தம் ஒன்றும் இல்லை.

கண்ணாடி வியாழக்கிழமைதான் வந்தது. சீனர் மாட்டிவிட்டுத் துணியால் துடைத்து, "பார்" என்றார். பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைத்தேன். தேங்காய் மட்டும் கோயிலில் கொடுத்து உடைக்கச் சொன்னேன்.

5

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பி, விடியும்போது கிள்ளானில் அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றேன். தூறல். வாசலில் ஏற்கெனவே ஒரு கார் நின்றது. தியாகு கோட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தான். கூட அவன் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர், ஒருவன் சீனன், கார் அவன் அப்பாவுடையது. எல்லோரும் இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கப்பா" என்றான். "டீ குடிச்சீங்களா?"

"ஆச்சு. ஏறு, நேரமாகுது."

அவன் காரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பா, இவங்கல்லாம் ஸ்டேஷன் வரைக்கும் வராங்க லா. முந்தாநாள்தான் சொன்னாங்க. வேணாம்னு சொன்னா கேக்கல. நான் அவங்க கூட வந்துடறேன். நீங்க பெட்டிய மட்டும் கொண்டாந்துடுங்க, கார்ல எடமில்ல."

என்ன சொல்வது? சிநேகிதர்கள் கார் கொண்டுவந்து கூப்பிடுகிறார்கள், வெங்காய லோரியில் வா என்று இழுக்கவா முடியும்? தோளுக்கு மிஞ்சினால் தோழன். "அதுக்கென்ன, போய்ட்டு வா" என்றேன். என் குரல் எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

பின்னால் படுதா கிழிந்திருந்தது. பெட்டி நனைந்துவிடும் என்று அதை முன்னால் தூக்கிவைக்கச் சொன்னேன். பச்சை வர்ணம் அடித்த புது டிரங்குப் பெட்டி, மேலே அவன் பேர் இங்கிலீஷில். இடது பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

பத்து தீகாவுக்கு முன்னாலேயே கார் என்னைத் தாண்டிப் போயிற்று. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து ஆட்டியது. தியாகுவின் கைதான், கோட்டுக் கை தெரிந்தது. வளைவு வரைக்கும் அந்தக் கார் போவதைப் பார்த்தேன். புதுக் கண்ணாடி அல்லவா, மழையிலும் வெகுதூரம் தெரிந்தது. அதற்கப்புறம் பெட்டியோடு பேசினேன். சத்தியமாகப் பேசினேன். குறித்துவைத்த இடத்தில், குறித்துவைத்த வார்த்தை ஒன்று விடாமல் சொன்னேன். கல்லைக் கிட்டப் போட்டவன் நான், கத்தியவன் நான், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க நான் அங்கே இல்லை, நீ இருந்தாய், அது உன் புண்ணியம் என்று எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது கண் தெரியவில்லை, ஓரமாக நிறுத்தித் துடைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஸ்டேஷனில் ரயில் நின்றது. போர்ட்டர் பெட்டியை ஏற்றினான். நண்பர்கள் கை கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றதும் தியாகு என் பக்கத்தில் வந்தான். இரண்டு பேரும் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அப்பா."

"என்னப்பா?"

"கண்ணாடி மாத்திட்டீங்களா? காலையில பார்த்தேன்."

"ஆமா."

"ஏம்பா? இன்ஸ்பெக்டர் மாத்தச் சொன்னாரா?"

இதைவிடப் பெரிய கதவை ஒரு மகன் எப்படித் திறந்துவைப்பான், சொல்லுங்கள்! இருபத்தைந்து மைல் ஒத்திகை பார்த்தவன் நான். அவன் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்ட்டர் காசுக்கு நின்றான்.

"ஆமாப்பா" என்றேன். "இன்ஸ்பெக்டர்தான் மாத்தச் சொன்னார்."

அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "அப்படியா? சரிப்பா" என்றான். குனிந்து என் காலைத் தொட்டான். நண்பர்களுக்கு முன்னால், கோட்டோடு, அந்த ஈரத் தரையில். விசில் ஊதிவிட்டார்கள்.

6

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. கந்தையா வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றேன். தாளையும் பேனாவையும் எடுத்துவைத்தார்.

"சொல்லுங்கோ."

"சௌக்கியம்னு எழுதுங்க."

எழுதினார். "பிறகு?"

"கண்ணாடியை இன்ஸ்பெக்டர் மாத்தச் சொல்லலைன்னு எழுதுங்க."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதென்ன அண்ணை? வேற ஒண்டும் இல்லையோ?"

"இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப ஏன் மாத்தினனீங்கள் எண்டு அவர் கேப்பாரெல்லே?"

"கேக்கட்டும். கேட்டா சொல்றேன்."

அவர் அதை இங்கிலீஷில் ஒரே வரியாக எழுதினார். என் பேரை நான் தமிழில் போட்டேன். உறையை ஒட்டி நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன், கையை உள்ளே விட்டு விழுந்துவிட்டதா என்றும் பார்த்தேன்.

பினாங்கிலிருந்து இங்கே தபால் வர இரண்டு நாள்தான். நான் எழுதிப் போட்டு இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது.